ஈசல், முசுறு, பட்டுப்புழு

மறையூர்

அன்புள்ள கண்ணு,

வறுத்த ஈசல் தின்பேன் என்றதும் வகுப்பில் முகம் சுளித்தார்கள், இனி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தாய். மனசு கேட்கவில்லை. தாராளமாகச் சொல்.

புறநானூறு 119ஆம் பாட்டில், பாரியின் பறம்பு நாட்டை நினைத்துப் பாடும் கபிலர் ஈசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவைச் சொல்கிறார். கொழிஞ்சாம்பாறையில் மழைவிட்ட அந்தியில் உன் அம்மாயி புற்றருகே விளக்கு வைத்துப் பிடிப்பதும் அதே ஈசல்தான். வெறுஞ்சட்டியில் போட்டதும் எண்ணெய் இல்லாமலே பளபளவென்று கொழுப்பு கசியும். முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். பிறகு பொரியும் பொட்டுக்கடலையும் சேர்ப்பார்.

முகம் சுளித்தவர்களில் பாதிப்பேர் இறால் தின்பவர்களாக இருப்பார்கள். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள், ஒரே பெருங்குடும்பம். ஏழைகளும் காட்டு ஜனங்களும் தின்பது என்ற எண்ணந்தான் அருவருப்பாக வேஷம் போடுகிறது என்பேன். நம் மாமரத்தில் இலைக்கூடு கட்டிக் கடிக்கிறதே முசுறு, அதை ஒடிசாவின் மயூர்பஞ்சில் பழங்குடியினர் சட்னி அரைக்கிறார்கள். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் சுமார் 200 கோடிப் பேர் பூச்சி உண்கிறார்கள் என்றது. ஒரே அளவு புரதம் தர, மாட்டுக்கு ஆகும் தீவனத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு சுவர்க்கோழிக்குப் போதுமாம்.

அதற்காக ஈசலை நம்பி ஊருக்குச் சோறு போட முடியாது. வருஷத்தில் சில நாள்தான் கிளம்பும். ஈசலைத் தரும் கறையான் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்த்துப் பிழைப்பது; அதைப் பண்ணையில் வளர்ப்பது லேசில்லை. ஆசைப்பட்டுப் புற்றை வெட்டினால் புற்றுக்காளானும் போய்விடும்.

நமக்குக் கைக்கெட்டுவது பட்டுப்புழு. சின்னாறு வழியாக உடுமலைப் பக்கம் இறங்கினால் மல்பெரித் தோட்டங்கள். ஒரு கிலோ பட்டுநூலுக்கு 6, 7 கிலோ கூடு வேண்டும். கூட்டின் எடையில் முக்கால் பங்கு உள்ளே இருக்கும் கூட்டுப்புழுதான். நூலைச் சுற்றி எடுத்ததும் வெந்நீர்த் தொட்டியில் பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவில் மிதக்கும். காயவைத்தால் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். அசாமில் எரி பட்டின் கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள். பூச்சிமருந்து கலந்திருக்குமோ என்று கேட்டால், கண்ட மருந்தைத் தெளித்தால் புழு செத்துப்போகும் என்பதால் விவசாயி மல்பெரி இலையைப் பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்கிறார்.

தடை எங்கே என்றால், நாற்றத்தில். ஈரப்புழு சீக்கிரம் கெட்டுவிடும். அன்றன்றைக்கே சுத்தமாகக் காயவைக்க உலர்த்தி வேண்டும். அது இல்லாமல் மனிதர் தட்டைப் பற்றிப் பேசுவது வீண். முதலில் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகட்டும். கடல்மீனை அரைத்துத் தீவனமாக்குவதாவது குறையும். பிடிக்காதவர் வாயில் திணிக்கவும் வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதே. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமை தரக்கூடும். சிநேகிதிகளுக்கு ஈசல் கொடுக்குமுன் கேட்டுக்கொள்.

பரீட்சை முடிந்ததும் வா. உடுமலையில் நூல் எடுக்கும் கூடம் ஒன்றுக்குக் கூட்டிப் போகிறேன். நாற்றம் பலமாக இருக்கும். மூக்கைப் பொத்த கைக்குட்டை எடுத்துக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா