நோட்டீஸ் கொடுத்தால் தோட்டம் மாறலாமா?

“ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துட்டா எந்தத் தோட்டத்துக்கும் போயிடலாம்ணே.” ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் (நமக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள் இதை அடித்துச் சொல்வார்கள். ஊரில் ஏஜெண்டு இப்படிச் சொல்லித்தான் விமானம் ஏற்றியிருப்பார்.

நோட்டீஸ் விஷயம் சரிதான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதியிருந்தால் அது. இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். முதலாளி நிறுத்தினாலும் தொழிலாளி நின்றாலும் கெடு ஒன்றே. ஆக, வேலையை விடலாம். விட்டபின் எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சட்டமல்ல, குடிநுழைவுத் துறை. பெர்மிட் என்று நாம் சொல்லும் தற்காலிக வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கு, குறிப்பிட்ட துறைக்கென்று கொடுக்கப்படுவது. வேலையை விட்டால் பெர்மிட்டை ரத்து செய்து, வெளியேறும் மெமோ எடுத்து, ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கமான நடைமுறை. வேலைச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. திறந்த கதவு விமான நிலையத்தைப் பார்த்து இருக்கிறது.

“அடுத்த தோட்டமும் செம்பனைதானே, அதே துறைதானே?” துறை ஒன்றாக இருந்தால் போதாது, முதலாளியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெர்மிட்டில் இல்லாத முதலாளியிடம் குலை வெட்டினால், அனுமதியின் நிபந்தனையை மீறிய குற்றம் வெட்டியவர் மீது விழும். “முதல்ல வந்து சேரு, பெர்மிட்டைப் பிறகு மாத்திக்கலாம்” என்று கூப்பிடும் தவுக்கேயும் தப்ப முடியாது. செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். ஐந்து பேருக்கு மேல் என்றால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறையும் பிரம்படியும்கூட உண்டு. ஆனால் சோதனை வரும் இரவில் லாரியில் ஏற்றப்படுவது முதலில் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நம்பிக்கை நம் உள்ளூர் ஆட்களுடையது: “நம்ம தாத்தாமார்தான் கட்டுண்டு கிடந்தாங்க. இப்ப வர்றவங்க விருப்பப்பட்டு வர்றவங்க.” இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார். அதற்குள் மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலிமுறை போய்விட்டது. 1910-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். கங்காணி கூட்டி வந்த தமிழரோ, சட்டப்படி ஒரு மாத நோட்டீஸில் தோட்டம் மாறலாம். மாறவும் செய்தார்கள். அடுத்த தோட்டத்துக் கங்காணி இரவோடிரவாக ஆள் இழுப்பது துரைமார்களின் தீராத புலம்பலாக இருந்தது. செலவு செய்து நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றி வந்தவன் ஒருவன், உழைப்பை வாங்கிக்கொள்பவன் இன்னொருவனா? அந்தப் புலம்பலுக்கு மருந்தாக 1907-லேயே தமிழர் குடியேற்ற நிதி வந்திருந்தது. தமிழ்க் கூலிகளை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் தலைக்கு இவ்வளவு என்று நிதியில் கட்ட வேண்டும். கப்பல் கட்டணம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து போகும். ஆளைக் கூட்டிவரும் செலவு பொதுவானதால், ஆள் இடம் மாறினால் குடி முழுகிவிடாது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் போனால் அந்தக் காசும் போகும். அதனால் கடன், சாதி, சொந்த ஊர், கடைப்பற்று என்று எல்லாக் கயிறுகளாலும் கட்டிவைத்தான். ஆனாலும் சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 1920-இல் ஒரு தமிழ்க் கூலிக்கு இருந்த, நோட்டீஸ் கொடுத்துத் தோட்டம் மாறும் உரிமை இன்று அதே மண்ணில் குலை வெட்டும் தஞ்சாவூர்ப் பையனுக்கோ வங்காளதேசத்துப் பையனுக்கோ இல்லை. காரணம் அதே செலவுக் கணக்குதான். இன்று தோட்டத்துறையில் தலைக்கு ஆண்டுக்கு 640 வெள்ளி லெவி; 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். லெவி, மருத்துவப் பரிசோதனை, பயணம் எல்லாம் அந்த ஒரே முதலாளியின் கணக்கில் ஏறுவதால், “என் காசு போட்டுக் கொண்டுவந்த ஆள்” என்ற எண்ணமும் ஏறிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஊரில் ஏஜெண்டுக்குக் கொட்டிக்கொடுத்து வந்தவனும் தொழிலாளிதான். அமெரிக்கா 2020 டிசம்பரில் சைம் டார்பியின் பாமாயிலைத் தடுத்தபின், அந்த நிறுவனம் தொழிலாளர்கள் கட்டிய ஆளெடுப்புக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்க 82 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. தடை 2023 பிப்ரவரியில் நீங்கியது. ஆளைக் கொண்டுவரும் செலவில் எவ்வளவு தொழிலாளியின் பையிலிருந்து போயிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ரசீது வேண்டியதில்லை.

“பாஸ்போர்ட் ஆபீசிலதான் இருக்கணும், அதுதான் ரூல்” என்பது பச்சைப் பொய். 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, சட்டபூர்வ அனுமதியில்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம்.

வளைகுடாவில் இருந்துவிட்டு இங்கு வருபவர்கள் வேறொரு கணக்கோடு வருகிறார்கள். கத்தார் 2020-இல் முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியை எடுத்தது. சவூதி 2021-இல் கொஞ்சம் தளர்த்தியது. “அங்கேயே மாறலாம், மலேசியாவில் முடியாதா?” என்று கேட்பது நியாயம். முடியும் என்று இங்கே பொதுவிதி இல்லை, விலக்குகள்தான் உண்டு. கோவிட் காலத்தில் வேலையிழந்தவர்களுக்கு 2020-இல் மாற வழிவிட்டார்கள். சொன்ன வேலை கொடுக்கப்படாமல் ஏமாற்றப்பட்டவர்களை வேறு முதலாளியிடம் சேர்த்ததும் நடந்திருக்கிறது. ஆனால் அவை அரசு கொடுக்கும் சலுகை; தொழிலாளி கேட்டுப்பெறும் உரிமையல்ல. 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் வேலை கிடைக்காத 171 வங்காளதேசத்தவர் போலீசில் புகார் கொடுக்க நடந்து போனபோது, முதலில் கைதானது அவர்கள்தான்.

விசா இல்லாமல் 30 நாள் இந்தியர்கள் வரலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததும் ஏஜெண்டுகளுக்குப் புது ஆயுதம் கிடைத்தது: “டூரிஸ்டா போ, அங்க போய் பெர்மிட் அடிச்சிக்கலாம்.” சுற்றுலாவுக்கான வருகை அது. வேலைக்கு வருபவர், முதலாளி இங்கே ஒப்புதல் வாங்கியபின் விசாவோடுதான் வர வேண்டும். மலேசியா இந்தியாவின் குடிபெயர்வு அனுமதிப் பட்டியலில் உள்ள நாடு. குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், பதிவுபெற்ற ஏஜெண்டு வழியாக இ-மைக்ரேட்டில் பதிந்து வந்தால், பின்னால் தகராறு வரும்போது கையில் ஒரு ஒப்பந்தமாவது இருக்கும்.

கடைசியாக, பலரை வாயடைக்க வைக்கும் நம்பிக்கை: “பெர்மிட் போச்சுன்னா சம்பள பாக்கியும் போச்சு.” போகாது. செய்த வேலைக்கான கூலியை லேபர் ஆபீசில் கேட்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சிக்கல் வேறிடத்தில். பெர்மிட் போனபின் வழக்குக்காகத் தங்க வேண்டுமானால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். மாதம் 100 வெள்ளி. அந்த அனுமதியில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராத ஆள், சம்பாதிக்காமல், காசு கட்டிக் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் தாங்குவான்? இழுத்தடிக்கத் தெரிந்த முதலாளிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

ஆகவே பாக்கி இருந்தால், நோட்டீஸ் கொடுக்கும் முன்பே, பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே புகாரைப் பதிந்துவிடுங்கள். லேபர் ஆபீசுக்கு நேரில் போக முடியாதவர்களுக்கு டபிள்யூஎஃப்டபிள்யூ செயலி இருக்கிறது. சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், பெர்மிட், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நோட்டீஸ் கடிதத்துக்கு இரண்டு பிரதி. ஒன்றில் கிராணியின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். சொல்லாமல் போனால் ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி 14 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். கடிதமில்லாமல் போனவர் அதை மறுக்கக் கையில் எதுவும் இருக்காது.