வெள்ளை ஈ: பயிருக்குப் பயிர் வேறு

பருத்திச் செடியை லேசாக அசைத்தால் வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் பறக்கும். உடனே இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் வெள்ளை ஈ. பெயர்தான் ஈ. உண்மையில் இது அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு உறவு. ஊசி போன்ற வாயால் இலையைக் குத்திச் சாற்றை உறிஞ்சும்.

வளரும் விதம்

தாய்ப்பூச்சி இலைக்கு அடியில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும். நல்ல இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். இறக்கை முளைக்கும் வரை அங்கேயே இருக்கும். வெப்பமான காலத்தில் சுமார் 3 வாரத்தில் முட்டை பூச்சியாகிவிடும்.

பருத்தி, வெண்டை, மரவள்ளி

பருத்தி வெள்ளை ஈ சுமார் 1 மில்லிமீட்டர் நீளம்தான். வெண்டை, தக்காளி, மரவள்ளியிலும் இது வாழும். சாறு உறிஞ்சுவதோடு நிற்காது. நோயுற்ற செடியிலிருந்து நல்ல செடிக்கு வைரஸ் கிருமியைச் சுமந்து போகும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும். தக்காளியில் இலை சுருளும். மரவள்ளியில் தேமல் படரும். நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. வெண்டைச் செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும். மரவள்ளிக்கு நோயில்லாத குச்சியை நட வேண்டும். நோயுள்ள குச்சியும் நோயைக் கொண்டுவரும்.

தென்னை

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ வேறு இனம். உருவில் பெரியது. 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் காணப்பட்டது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டையிடும். இது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் வழியும். அதன்மேல் கரும்பூசணம் வளரும். ஓலைக்கு வெயில் படாது.

மருந்து மட்டும் போதுமா?

2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைக் கடுமையாகத் தாக்கியது. உழவர்கள் திரும்பத் திரும்ப மருந்து அடித்தனர். செலவு ஏறியது. ஆனாலும் பயிர் பெருமளவு அழிந்தது. பி.டி. பருத்தியும் தப்பவில்லை. அது காய்ப்புழுவைத்தான் தடுக்கும். வெள்ளை ஈயைத் தடுக்காது.

மேலே தெளிக்கும் மருந்து இலையின் அடிப்பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஒரே மருந்தை அடிக்க அடிக்கப் பூச்சிக்கு அது பழகிவிடும். நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

தென்னையில் ஒரு சிறு குளவி உண்டு. அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். வெள்ளை ஈக் குஞ்சின் முதுகில் வட்டமான துளை இருந்தால், குளவி வேலை செய்கிறது என்று பொருள். அங்கே விஷ மருந்து அடிக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

• வாரம் 2 முறை இலையைத் திருப்பிப் பாருங்கள்.
• மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வயலில் வையுங்கள். மஞ்சள் நிறம் பூச்சியை இழுக்கும்.
• தென்னை ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்.
• மருந்து தேவையானால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு அடியுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. வெண்டைக்கும் தென்னைக்கும் வெள்ளை ஈ செய்யும் கேட்டில் என்ன வேறுபாடு?
2. உங்கள் ஊரில் எந்தப் பயிரில் வெள்ளை ஈ வருகிறது?