இளம் மெக்கானிக்குக்கு: ஆயிலின் பதமும் தவணையும்

சொந்தப் பட்டறை தொடங்கவிருக்கும் இளம் மெக்கானிக்குக்கு,

பைக்கும் காரும் சேர்ந்து வரும் சிறு பட்டறையில் முதலில் இடம்பிடிப்பது பெரும்பாலும் 20டபிள்யூ-40 ஆயில் நிரம்பிய பேரல்தான். வாசலில் நிற்கும் வண்டி எதுவாயினும் அதிலிருந்தே அளந்து ஊற்றும் வழக்கம், பல வண்டிகள் அந்தக் கிரேடையே கேட்ட காலத்தில் குற்றமாக இருந்ததில்லை. ஆனால் 0டபிள்யூ-16 கேட்கும் காரும் 15டபிள்யூ-50 கேட்கும் புல்லட்டும் ஒரே நாளில் வந்து நிற்கக்கூடிய இன்று, அது வாடிக்கையாளரின் எஞ்சினை வைத்து நடத்தும் பரிசோதனையாகிவிடுகிறது. பிஸ்டனின் விட்டத்தைப் போல, பேரிங்கின் இடைவெளியைப் போல, ஆயில் கிரேடும் எஞ்சினை வடிவமைத்தவர் குறித்துக் கொடுத்த ஓர் அளவு என்று ஏற்றுக்கொண்ட மெக்கானிக்குக்கு, மீதமுள்ளவற்றைக் கற்பது கடினமன்று.

அந்த அளவு பாகுநிலையைப் பற்றியது. திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கமே பாகுநிலை எனப்படுகிறது. அடுப்பில் இருக்கும்போது தண்ணீராக ஓடும் வெல்லப்பாகு ஆறியதும் கரண்டியை விட்டு இறங்க மறுப்பதைப் போல, ஆயிலும் சூட்டில் இளகிக் குளிரில் தடிக்கிறது. ஆகவே ஒரே எண்ணால் அதன் குணத்தைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911இல் தொடங்கிவைத்த வகைப்பாடு, படிப்படியாகத் திருத்தப்பட்டு, இன்று இரண்டு எண்களைக் கேனின் மேல் வைக்கிறது. 10டபிள்யூ-30 என்பதில் பின்னே நிற்கும் 30, நூறு டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலான எல்லைக்குள் இருப்பதைக் குறிக்கிறது; 40 என்றால் அந்த எல்லை 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. முன்னே நிற்கும் 10 பத்து டிகிரியைக் குறிப்பதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர், அது பிழை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும் எழுத்து, அதற்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்ற சோதனையின் வரிசை எண். 10டபிள்யூ ஆயிலுக்கு அச்சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலுக்குக் கீழே 15 டிகிரியிலும் நடக்கிறது. சென்னையின் மார்கழி விடியலுக்கு மட்டுமன்று, உறைபனி விழும் ஊட்டிக்கும் அக்குளிர் அந்நியமானது. இருந்தும் முன் எண்ணைப் புறக்கணிப்பதற்கில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, சம்பிலிருந்து மேலே கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏறிச் சேரும் வேகத்தில், இருபத்தைந்து டிகிரி வெப்பநிலையிலும் அந்த எண்ணின் வேறுபாடு தெரியவே செய்யும்.

ஊர் வெயிலைக் காரணம் காட்டி, தடித்த ஆயிலே எஞ்சினைக் காக்கும் என்று சொல்வோர் இத்தொழிலில் அதிகம். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதுதான் அதை ஆபத்தானதாக்குகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உலோகத்தை உலோகம் தொடவிடாமல் நிற்பது மெல்லிய ஆயில் படலம். மிகவும் இளகிய ஆயிலில் அப்படலம் அறுந்துபோகும் என்பது மெய்யே. ஆனால் குறுகிய இடைவெளியோடு செய்யப்பட்ட புதிய எஞ்சினுக்குள் தடித்த ஆயிலை ஊற்றினால், நுண்ணிய வழிகளில் அது தாமதமாகச் செல்கிறது. ஆயில் அழுத்தத்தைக் கொண்டே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புகள் சோம்பி வேலை செய்கின்றன. பம்பு அதிக உழைப்பை விழுங்க, மைலேஜ் குறைகிறது. வெளியே நாற்பது டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்குள் ஆயிலின் வெப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எரிப்பும் உராய்வுமே என்பதையும், வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடுகளைக் காட்டும் அட்டவணை பல கையேடுகளில் உண்டு என்பதையும் நினைவில் வைப்பவர், அந்த அட்டவணைக்குள் நின்றே முடிவெடுப்பார். ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு ஒரு படி தடித்த கிரேடை அந்த எல்லைக்குள் ஊற்றுவது தற்காலிகச் சமாளிப்பு. ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீலையும், ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கையும் சந்தேகிக்க வேண்டுமே தவிர, கேனை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பைக்கில் இந்த விவகாரம் இன்னும் நுட்பமானது. காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளிலோ ஒரு லிட்டர் அளவிலான அதே ஆயில் பிஸ்டனைக் குளிர்வித்து, கியர் பற்களுக்கிடையே நசுங்கி, கிளட்ச் தட்டுகளையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. ஆயிலில் மூழ்கியபடி இயங்குவதால் ஈரக் கிளட்ச் எனப்படும் அவ்வமைப்பு, உராய்வை நம்பியே இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. எரிபொருள் சேமிப்புக்காகச் சில கார் ஆயில்களில் சேர்க்கப்படும் உராய்வு குறைப்பான்கள் அங்கே வந்து சேர்ந்தால், மேட்டில் நான்காம் கியரில் ஏறும் வண்டி உறுமல் கூட்டிக்கொண்டே வேகம் கூடாமல் தவிக்கும். கிளட்ச் ஸ்லிப் என்று பிளேட்டை மாற்றச் சொல்லும் முன் கடைசியாக ஊற்றிய கேனில் என்ன அச்சிட்டிருந்தது என்று விசாரிப்பது மெக்கானிக்கின் கடமை. ஜப்பானியத் தரநிலையான ஜாசோ, கிளட்ச்சைப் பிடித்துவைக்கும் ஆயிலுக்கு எம்ஏ என்றும், அதற்குள் குறைந்த உராய்வுக்கு எம்ஏ1, அதிக உராய்வுக்கு எம்ஏ2 என்றும், வழுக்கும் ஆயிலுக்கு எம்பி என்றும் பெயரிட்டிருப்பது இதற்காகத்தான். பெல்ட்டும் உலர் கிளட்ச்சும் கொண்ட ஸ்கூட்டருக்கு எம்பி பொருந்தும், கியர் பைக்குக்குப் பொருந்தாது. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது: 20டபிள்யூ-50 போன்ற இரட்டை எண் ஆயில்களில், சூட்டில் ஆயில் அளவுக்கு மீறி இளகாமல் தாங்கிப்பிடிக்க நீண்ட பாலிமர் சங்கிலிகள் கலக்கப்படுகின்றன, அவற்றைக் கியர் பற்கள் நாள்தோறும் நறுக்குகின்றன. ஆயில் புதிதாக இருந்தபோது வெண்ணெய்போல விழுந்த கியர், மூவாயிரம் கிலோமீட்டர் கடந்ததும் முரண்டு பிடித்து, சிக்னலில் நியூட்ரல் அகப்படாமல் அலைக்கழித்தால், ஆயில் தன் பதத்தை இழந்துவிட்டதற்கு அதைவிட மலிவான சோதனை வேறில்லை.

கேனின் மற்றோர் எழுத்துக் குறி அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்துடையது: எஸ்ஸில் தொடங்குபவை பெட்ரோல் எஞ்சினுக்கு, சியில் தொடங்குபவை டீசலுக்கு, அடுத்த எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதிது. 2020இல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் இடத்தில் பொருந்தும், எஸ்பி கேட்கும் இடத்தில் எஸ்என் பொருந்தாது. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டியில், கரி எரிந்துபோனாலும் ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாமல் தங்கி அடைப்பதால், அவற்றுக்குக் குறைசாம்பல் ஆயில் கட்டாயம் என்பது மட்டும் இங்கே போதும்.

தவணையைப் பொறுத்தவரை, கிலோமீட்டர் என்பது வசதிக்கான கணக்கு. ஆயிலை அழிப்பவை சூடு, காற்றின் ஆக்சிஜன், எரியாத எரிபொருளின் கலப்பு, ஈரம், தூசி ஆகியவை. சேர்மானப் பொருள்களும் அமிலத்தை முறிக்க முறிக்கத் தீர்ந்துபோகின்றன. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது என்று கையேடு சொல்லும் ஒரே காரை, சென்னையிலிருந்து மதுரைக்கு நெடுஞ்சாலையில் ஓட்டுபவரும், மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுபவரும் வைத்திருக்கலாம். இரண்டாமவரின் எஞ்சின் ஒருபோதும் முழுச்சூட்டை எட்டாததால் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் தங்கி, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கூழாகத் திரள்கிறது. நாளெல்லாம் நின்றும் நகர்ந்தும் உணவு கொண்டுசேர்க்கும் இளைஞரின் பைக்கிலும் கிலோமீட்டர் கணக்கு பொய்க்கிறது, சக்கரம் ஓடாத நேரத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதை மீட்டர் எண்ணுவதில்லை. டிராக்டருக்கு மணிக்கணக்கில் தவணை வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்தார்கள். கடும் பயன்பாடு என்று கையேட்டின் பின்பக்கம் ஒன்று உண்டு, பலருடைய வண்டி அந்தப் பக்கத்துக்கே உரியது. ஆயிலின் நிறத்தைக் கொண்டு முடிவெடுப்பதோ வீண். டீசல் எஞ்சினில் ஊற்றிய புது ஆயில் மிக விரைவில் கறுத்துவிடும், கரியைத் தன்னுள் மிதக்கவைத்துப் படியவிடாமல் வைத்திருக்கும் ஆயிலின் வேலை அது.

கிரேடைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், ஆயில் அளவு குறைந்த எஞ்சினில் இவை எதுவும் உதவாது. பைக்கை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழிறங்க மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, அதைத் திருகிப் பார்ப்பதா திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்று மாடலுக்குரிய முறையை அறிந்து அளக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி பொய் சொல்லும். டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதைப் போடாதவரும், அலுமினிய மரை என்பதை மறந்து முழு பலத்தையும் ஸ்பேனரில் காட்டுபவரும், சில ரூபாய் வாஷருக்காகப் பல ஆயிரம் ரூபாய் கிராங்க் கேஸைப் பணயம் வைக்கின்றனர்.

வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அபாயகரக் கழிவு. சாக்கடையில் விடுவதற்கும், கரையானுக்கென்று வேலிக்காலில் பூசக் கொடுப்பதற்கும் உரியதன்று, மூடியுள்ள டிரம்மில் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போகவேண்டியது. காலியான கேனோ வேறு வகைச் சிக்கல், ஏனெனில் சேதமில்லாத காலிக் கேன்களை வாங்கிப் போலி ஆயில் நிரப்புவோர் இருக்கின்றனர்; வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் ஸ்குரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிட்டு, தேதியையும் மீட்டர் எண்ணையும் அவருடைய அட்டையில் எழுதிக் கொடுக்கலாம்.