சில்லறைக்குப் பதில் சீட்டு

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான் குஜராத்தி தெரு. அங்கே மிளகு வியாபாரம் செய்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் பழைய பெட்டியிலிருந்து ஒரு சிறு அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். "நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே, இது எந்த ஊர் டிக்கெட், சொல்லுங்கள்" என்றார். தோற்றுப்போனேன். அது டிக்கெட் அல்ல, பணம்! நவநகர் சமஸ்தானத்தின் சில்லறைக் கூப்பன். நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காக அதன் கதையை எழுதுகிறேன்.

போர் வந்தால் முதலில் ஒளிவது அரிசி என்று நினைப்போம். அதற்கும் முன்னால் காசு ஒளிந்துகொள்ளும். 1940-இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்; ஒரு ரூபாய் நோட்டும் அவ்வாண்டு மீண்டும் வந்தது. கையிலுள்ள நல்ல வெள்ளியை யார் செலவழிப்பார்கள்? சில்லறையும் கிடைக்காமல் போயிற்று. 1943-இல் உலோகத்தை மிச்சம் பிடிக்க ஓட்டைக் காலணா வந்தது. கத்தியவாரில் நவநகர், மோர்வி, ஜூனாகத் போன்ற சமஸ்தானங்கள் அட்டையிலேயே சில்லறை அச்சடித்தன. நம் கான்டீன் கூப்பன் மாதிரிதான்: எல்லைக்குள் காசு, எல்லை தாண்டினால் அட்டை. இலங்கையில் 1942-இல் வந்த ஐந்து சதத் தாள் இன்னும் வேடிக்கை. இடையில் துளை வரிசை. கிழித்தால் இரண்டு சதம் ஒன்று, மூன்று சதம் ஒன்று.

இங்கெல்லாம் அரசு என்று ஒன்று நிலையாக இருந்தது. அரசே இரண்டாகப் பிளந்தால்?

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசு ஒரு பக்கம், பிராங்கோவின் படை மறு பக்கம். வெள்ளிக்காசுகள் மறைந்தன. ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்க வழியில்லை. ஆகவே குடியரசுப் பகுதியில் ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தாங்களே சீட்டு அச்சடித்தன. கட்டலோனியாவில் மட்டும் நூற்றுக்கணக்கான ஊர்கள். பக்கத்து ஊரில் அது செல்லாது. 1938-இல் தபால் தலையை வட்ட அட்டையில் ஒட்டியும் சில்லறையாக்கினார்கள். வடக்கே அஸ்தூரியாஸ் மாகாணம் 1937-இல் சொந்த நோட்டு வெளியிட்டது. தலைவர் பெலார்மினோ தோமாஸின் பெயரால் மக்கள் அதைப் 'பெலார்மினோ' என்றார்கள். அக்டோபரில் கிஹோன் நகரம் வீழ்ந்தது, நோட்டும் வீழ்ந்தது. 1936 ஜூலை 18-க்குப் பின் குடியரசு புழக்கத்தில் விட்ட நோட்டுகளையும் பிராங்கோ தரப்பு ஏற்கவில்லை. கூலியாக அதை வாங்கியவன் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது என் பெரியப்பா நினைவுக்கு வருகிறார். ஈப்போவில் கணக்குப்பிள்ளை. ஜப்பானியர் 1942-இல் மலாயாவைப் பிடித்ததும் சம்பளம் அவர்கள் அடித்த டாலரில்தான். பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால் 'வாழைமர நோட்டு' என்று பெயர். பெரியம்மா ஊருக்குத் திரும்பும் செலவுக்கென்று அதைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்தார். 1945 செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர், அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கப்பலேற மேலும் ஆறு வருடம் ஆயிற்று.

அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மட்டாஞ்சேரிப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "நிறையச் சேர்த்திருக்கிறார்கள்" என்றார்.