சுடுகாட்டு மல்லி வீட்டுக்கு ஆகாதா?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் பூச்செடி வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால், “மணலிப் புகையில் எது பிழைக்கும்?” என்பார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே மதில் வெடிப்பில் வேர்விட்டு, வருடம் முழுக்கப் பூக்கிற நித்தியகல்யாணி அதற்குப் பதில் சொல்லும்.

நம்பிக்கை: அது சுடுகாட்டு மல்லி, வாசலில் வைக்கக் கூடாது.

இந்தப் பழி எனக்கு வருத்தம் தருகிறது. இதன் பூர்வீகம் மடகாஸ்கர். வெயிலையும் சத்தில்லாத மண்ணையும் தாங்கும். கசப்பால் ஆடு மாடு கடிக்காது. அதனால்தான் ஆள் கவனிக்காத இடுகாட்டிலும் தழைத்தது. அபசகுனம் ஒன்றும் இல்லை. 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மருந்துக்காகவே மானாவாரியில் இதைப் பயிரிடுகிறார்கள். உயிர் காக்கும் செடியை வாசலில் வைக்க என்ன தயக்கம்?

நம்பிக்கை: தினம் நாலு இலை மென்றால் சர்க்கரை இறங்கும்.

தயவுசெய்து வேண்டாம். நோபிளின் ஆய்வே, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்த இலைக் கஷாயத்தைச் சோதிக்கத்தான் தொடங்கியது. எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் செலுத்தியபோது ரத்த வெள்ளையணுக்கள் சரிந்தன. மருத்துவமனையில் அளந்து நரம்பில் ஏற்றும் மருந்தின் மூலப்பொருள் அந்த இலையில் இருக்கிறது. மென்றால் நஞ்சு.

நம்பிக்கை: இருவேளை தண்ணீர் ஊற்றினால் நிறையப் பூக்கும்.

வெயிலுக்கு அசராத செடி ஈரத்தில் சாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் வேரும் தண்டும் அழுகிவிடும். நம் தெருக்களில் தரையில் நடுவதைவிடத் தொட்டியே நல்லது. அடியில் ஓட்டை இருக்கட்டும். செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மழைக்காலம் வருமுன் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உரம் அதிகமானால் இலைதான் மண்டும், பூ குறையும்.

நம்பிக்கை: பனியையே தாங்குகிற பிரிம்ரோஸ் நம்மூரிலும் நிலைக்கும்.

நிலைக்காது. குளிர்நாட்டில் உறைபனியைத் தாங்கும் அந்தச் செடி, சென்னையின் சித்திரை வெயிலில் வாடிவிடும். அந்த விதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் நித்தியகல்யாணி இருந்தால், மஞ்சளாகத் தொடங்கிய காயைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு விதையை மண்ணால் நன்றாக மூடி விதையுங்கள். வெளிச்சம் படாமல் இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.