கோட்டை பிடிக்கக் கல் மட்டும் போதுமா?

1999-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கம்ப்யூட்டர் கேமில் கோட்டையை உடைக்கச் சிறந்த ஆயுதம் ‘ட்ரெபுஷே’ என்ற கல்வீசும் பொறி. மெக்கானிக்ஸில் நாம் படித்த நெம்புகோல்தான் இது: குட்டைக் கையில் பெரும் எடை, நீண்ட கையில் கல். 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை முன் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் நிறுத்தியதும் இத்தகைய பொறியே.

கேமில் இதன் விலை 200 மரம், 200 தங்கம். கோட்டையின் அம்பு எட்டாத தூரத்திலிருந்து அடிக்கும். ஆனால் மடித்தால்தான் நகரும், விரித்தால்தான் வீசும். விரித்த நேரம் பார்த்து எதிரியின் குதிரைப்படை பாய்ந்தால் அவ்வளவுதான், தங்கம் போச்சு!

எனவே பொறியைச் சுற்றி முதலில் ஈட்டிக்காரர்களை நிறுத்துங்க. குதிரைக்கு எமன் ஈட்டிதான். அவர்களும் கோட்டை அம்பு படாத இடத்திலேயே நிற்கட்டும். அப்புறம்தான் பொறியை விரிக்கணும். காவல் இல்லாத பொறி, எதிரிக்கு நாம் கொடுக்கும் சீதனம்!