வள்ளியூரிலிருந்து மூளை ஸ்கேன் ஆராய்ச்சிக்கு

வள்ளியூரில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால் வடக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் தெற்கே நாகர்கோவிலுக்கு. எப்படிப் போனாலும் ஏறக்குறைய 40 கி.மீ. ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் பேச்சுக் குழறி எழுந்தால், மூளை ரத்தக்குழாயில் அடைப்பு எப்போது வந்தது என்றே தெரியாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கோ நாலரை மணி நேரக் கெடு. ‘நேரம் தாண்டிவிட்டது’ என்ற பதிலை இப்படிப்பட்ட பலருக்கு மாற்றிக் கொடுத்தது, மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன். இந்த ஆராய்ச்சிக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் வர வேண்டும்.

ரத்தக்குழாய் அடைத்ததும் மூளையில் ஒரு பகுதி செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, கடைமடை வயல் மாதிரி வாடினாலும் கொஞ்ச நேரம் உயிரோடு நிற்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்த ஸ்கேனின் வேலை. 2018இல் வந்த டெஃபியூஸ் 3 ஆய்வில், அடைப்பு வந்து 6 முதல் 16 மணி நேரம் ஆன 182 பேரை இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டியைக் குழாய் விட்டு எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் 90 நாளில் யார் துணையுமின்றி நடமாடினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம்தான்.

கம்ப்யூட்டரில் வரும் சிவப்பு, பச்சைப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் சிடி அறையில் போய் நில்லுங்கள். முழங்கை மடிப்பில் பெரிய வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4 முதல் 6 மி.லி. வேகத்தில் செலுத்துகிறார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது மெஷின். மருந்து ஏறி இறங்குவதை ஒரு வளைகோடாக வரைந்து, அதிலிருந்துதான் எல்லாக் கணக்கும் வருகிறது. நோயாளி தலையை அசைத்தாலோ, இதயம் பலவீனமாகி மருந்து தாமதமாக வந்தாலோ, கோடு இறங்குமுன் ஸ்கேன் நின்றாலோ சாஃப்ட்வேர் தவறான அளவைச் சொல்லும். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்தவரே இந்தத் துறையில் ஆராய்ச்சியாளர்.

நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, ரேடியாலஜியோ நியூராலஜியோ படிப்பது ஒரு வழி; நீளமானது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பி.எஸ்சி. ரேடியோகிராபிக்கு அரசு கவுன்சலிங் நடக்கிறது. இயற்பியல் பிடித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் உண்டு. பி.இ. படித்தவர்கள் கேட் எழுதி, சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். பக்கம் பார்க்கலாம். ஸ்ரீசித்திரா இருப்பது நமக்குப் பக்கத்து ஊரில்தான். அங்கே பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

எதைப் படித்தாலும் பைத்தானும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள். ஐல்ஸ் 2018 என்ற பக்கவாத ஸ்கேன் போட்டிக்காக வெளியிட்ட சிடி பெர்ஃப்யூஷன் படங்களை வைத்து வீட்டிலிருந்தே பழகலாம். ஆனால் நோயாளியின் படத்தை நண்பனின் வாட்ஸ்அப்பில் வாங்கி ஆராய்ச்சி செய்யக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெயரும் அடையாளமும் நீக்கியிருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை.

எந்தக் கேள்வியை எடுப்பது? கனடாவின் கால்கரியில் டாக்டர் பிஜோய் மேனன் குழு, ரத்தக்குழாய்களை மூன்று கட்டமாக சிடி எடுத்தாலே பலருக்கு முடிவெடுக்கலாம் என்று காட்டியது. மூளையில் பெரும்பகுதி கெட்டுப்போனவர்களுக்கும் கட்டியை எடுப்பது பலன் தருகிறது என்று 2023இல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் பெர்ஃப்யூஷன் யாருக்கு அவசியம், யாருக்கு வீண் தாமதம்? விலை உயர்ந்த சாஃப்ட்வேர் இல்லாத மாவட்ட மருத்துவமனையில் என்ன செய்வது? இதற்கு நம் நோயாளிகளின் படங்களை வைத்துத்தான் விடை காண முடியும். படிப்பவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்று பிள்ளையை முடக்காமல் இந்த வழிகளையும் காட்டுங்கள்.